பறிக்கும் பதம்

விதைப் பக்கெட்டின் பின்புறம் இத்தனை நாளில் அறுவடை என்று அச்சடித்திருப்பார்கள். எந்த ஊரில் என்று இருக்காது. கண்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீற்றர் உயரம். நுவரெலியா 1,870 மீற்றரை ஒட்டியது. ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு, ஆறரைப் பாகை சூடு குறையும். ஒரே நாளில் ஒரே விதையைப் போட்டாலும் கீழே போஞ்சி பறிக்கத் தொடங்கும்போது மேலே பூத்துக்கொண்டிருக்கும். நாள் கணக்கு, போய் எட்டிப் பார்க்கும் தேதியைத்தான் சொல்லும். பதத்தைக் கைதான் சொல்ல வேண்டும்.

சூடான பக்கங்களில் ஆளை அதிகம் அவசரப்படுத்துவது வெண்டி. பூ விரிந்து ஐந்தாறு நாளில் காய் தயார். நுனியைத் தட்டினால் ஒடிய வேண்டும், வளைந்தால் நார் ஏறிவிட்டது. ஒன்றுவிட்ட ஒரு நாள் பறித்தே ஆகவேண்டும். தேயிலை மலையில் கொழுந்து பறிக்கும் ரவுண்டு பிந்தினால் இலை முற்றிவிடும், அதுதான் இங்கேயும் நடக்கும். முற்றிய காயை, கறிக்கு உதவாது என்று செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். அது தப்பு. உள்ளே விதை முற்றத் தொடங்கினால் செடி புதிதாகப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். வெட்டி எறியுங்கள்.

போஞ்சிக்கும் இதே கதைதான், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை. தடவினால் விதை மேடு தட்டுப்படாத காயாகப் பார்த்து, ஒரு கையால் கொடியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பறிக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் பூங்கொத்தும் கூடவே வரும். ஈரக் கொடிக்குள் கை விடக்கூடாது. துரு நோயைக் கையே செடிக்குச் செடி கொண்டுபோகும். காலையில் பறிப்பதே நல்லது என்பார்கள். ஆனால் பனி காய்வதற்குள் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர்களுக்கு அது சரிவராது. பின்னேரம் பறித்து நிழலில் வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கத்தரிக்கு மினுக்கம்தான் அடையாளம். தோல் மங்கினால் உள்ளே விதை முற்றிவிட்டது, கசக்கும்.

கோவாவை மேலிருந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். பஞ்சு போல் அமுங்காமல் கெட்டியாக இருந்தால் வெட்டலாம். கெட்டியான பிறகு பெருமழை பெய்தால்தான் ஆபத்து: வேர் ஒரேயடியாகத் தண்ணீரை இழுக்க, உள் இலைகள் பருத்து, வெளி இலை இடம் கொடுக்காமல் வெடிக்கும். மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரையும், பதுளைப் பக்கம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரையும் இந்தப் பயம் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்ட முடியாவிட்டால், கோவாவை இரு கையாலும் பிடித்துக் கால் சுற்றுத் திருப்பி விடுங்கள். வேரில் ஒரு பகுதி அறுந்து, தண்ணீர் ஏறுவது குறையும். சில நாள் தாங்கும்.

தக்காளியைச் செடியிலேயே சிவக்க விடுவது மழை ஊருக்குச் சரிவராது. அடிப்பக்கம் இளஞ்சிவப்புத் தட்டியதும் பறித்தால் வீட்டுக்குள் நன்றாகப் பழுக்கும், வெடிப்பும் இல்லை, குருவித் தொல்லையும் இல்லை. வெயில் 30 பாகையைத் தாண்டும் இடங்களில் சிவப்பு நிறமே சரியாக ஏறாமல் மஞ்சளாக நின்றுவிடும், அங்கேயும் இதுதான் வழி. மேட்டு ஊரில் குளிரால் பழுக்கப் பிந்தும். பத்திரிகைத் தாளில் சுற்றி, பழுத்த வாழைப்பழம் ஒன்றோடு குசினியில் வையுங்கள். பழுக்காத காயைப் பிரிட்ஜில் வைத்தால் பிறகு ருசி வராது.

நோக்கோல் 5 முதல் 7 சென்ரிமீற்றர் குறுக்களவிலேயே எடுத்துவிட வேண்டும், பிறகு வெறும் நார். கரட்டின் தோளை, அதாவது இலைக்குக் கீழே உள்ள மேல் பகுதியை, பார்த்தால் பருமன் தெரியும். தோள் பச்சையாக இருந்தால் வெயில் பட்டிருக்கிறது, மண் அணையுங்கள்.

உருளைக்கிழங்குக்கு மட்டும் பொறுமை வேண்டும். கொடி காய்ந்து இரண்டு கிழமை மண்ணுக்குள் கிடந்தால் தோல் இறுகும். ஒன்றைத் தோண்டிக் கட்டைவிரலால் தேய்த்துப் பாருங்கள். தோல் உரிந்தால் இன்னும் ஒரு கிழமை. மண் சொதசொத என்று இருந்தால் காத்திருக்க வேண்டாம், அழுகிவிடும். கொடியில் கருகல் நோய் வந்திருந்தால், கொடியை வெட்டி அப்புறப்படுத்திய பிறகே அந்த இரண்டு கிழமையை எண்ண வேண்டும். உடனே தோண்டினால் மேல்மண்ணில் கிடக்கும் நோய் கிழங்கில் தொற்றி, சாக்குக்குள் போன பிறகு அழுகல் காட்டும்.