அம்மாவின் பையில் இருந்தவை

1995 அக்டோபர் 30 இரவு. போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க வீதிக்கு வந்துவிட்டது. கொக்குவிலில் இருந்து மழைக்குள் நடந்து, நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் போனோம். அம்மா தூக்கியது ஒரு சீலைப் பை மட்டும். சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் அதைப் பிரித்தபோதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பொலித்தீனில் மூன்று சுற்றுச் சுற்றி நூலால் கட்டிய காணி உறுதி, எங்கள் பிறப்புப் பதிவுகள், ஒரு பிள்ளையார் படம், நயினாதீவு அம்மனுக்கென்று மஞ்சள் துணியில் முடிந்த ஒரு ரூபாய்க் காசு. ஒன்றும் நனையவில்லை.

அந்தப் பையின் அருமை எனக்கு விளங்கியது கனடாவில் பல வருடம் காசோடு மாரடித்த பிறகுதான்.

1999 ஜனவரியில் ரொறன்ரோ வந்தேன். அந்த மாதம் பனி அள்ளி மாளாமல் நகர மேயர் ராணுவத்தைக் கூப்பிட்டார். தொலைக்காட்சியில் பச்சை உடுப்பைக் கண்டதும் என் கை தன்னாலே கதவுப் பூட்டைத் தேடியது. அவர்கள் பனி அள்ள வந்தவர்கள் என்று பக்கத்தில் இருந்த மச்சான் சொல்லித்தான் விளங்கியது. நாளைக்கு இருப்போமோ என்று வளர்ந்த ஒருவனிடம் பதினெட்டு வருடம் கழித்து எடுக்கிற சேமிப்பைப் பற்றிச் சொன்னால் அது காதில் ஏறாது. எனக்கும் ஏறவில்லை. அம்மன் பார்த்துக்கொள்வா என்று சொல்லிவிட்டு, பாண் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

வந்த வழிக்கு ஏஜென்சிக்காரருக்குக் கட்டிய காசு முழுக்க வட்டிக் கடன். அதை அடைத்தது சீட்டு. ஸ்காபரோவில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில், மாதத்தின் முதல் ஞாயிறு பின்னேரம் கூடுவோம். இருபது பேர், ஆளுக்கு 500 டொலர், இருபது மாதம். தாச்சி, அதாவது சீட்டை நடத்துகிறவர், ஒரு அக்கா. முதல் சீட்டு அவவுக்கு. மூன்றாம் மாதம் நான் கழிவு கேட்டேன். கூடக் கழிவு விட்டுக்கொடுக்கிறவருக்குத்தான் அந்த மாதச் சீட்டு. "ஆயிரத்தைந்நூறு" என்று ஒருவர் சொல்ல, நான் "ரெண்டாயிரம்" என்றேன். "வேற ஆரும் கேக்கினமோ?" என்று அக்கா சுற்றிவரப் பார்த்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பத்தாயிரத்தில் இரண்டாயிரம் கழிந்து எட்டாயிரம் என் கைக்கு வந்தது. அந்தக் கழிவைப் பிரித்ததில் மற்றவர்களுக்கு அந்த மாதம் 400 டொலர்தான் கட்டுக்காசு. வங்கி என்னை ஏறெடுத்தும் பார்க்காத காலம் அது. அந்த அறையில் என்னிடம் ஒருவரும் கையெழுத்துக் கேட்கவில்லை. அதை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

அந்த மதிப்பில் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு சீட்டில் சேர்ந்தேன். பன்னிரண்டாம் மாதம் அந்தச் சீட்டின் தாச்சி, வேறொருவர், வீட்டைக் காலி செய்துவிட்டு வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார். கட்டிய காசு போனது போனதுதான். காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

2005இல் மகள் பிறந்தாள். கோயிலில் அடிக்கடி காணும் ஒருவர் வீட்டுக்கு வந்து, பிள்ளையின் படிப்புக்கு என்று ஒரு கூட்டுத் திட்டத்தில் எழுதிவிட்டார். நல்ல மனிதர், விபூதி பூசிய முகம், ஒன்றையும் வாசிக்காமல் கையெழுத்து வைத்தேன். ஏழு மாதத்தில் மனைவிக்கு வேலை போய், கட்ட முடியாமல் நிறுத்தியபோதுதான் தெரிந்தது, அதுவரை கட்டியதில் பெரும்பகுதி பதிவுக் கட்டணத்துக்கே போயிருந்தது. முதல் 60 நாட்களுக்குள் விலகியிருந்தால் முழுக் காசும் திரும்பியிருக்கும். அந்த வரி பத்திரத்தில் இருந்தது. நான்தான் படிக்கவில்லை. அதோடு படிப்புச் சேமிப்பு என்ற பேச்சையே வெறுத்து ஆறு வருடத்தை வீணாக்கினேன். இதுதான் எனக்கு இன்றுவரை மனவருத்தம்.

ஏனென்றால் பிள்ளையின் படிப்புக்கென்று கனடாவில் இருக்கிற அந்த ஆர்.இ.எஸ்.பி. சேமிப்புக் கணக்கை வங்கியில் நாங்களே சும்மா திறக்கலாம். வருடத்துக்கு 2,500 டொலர் போட்டால் அரசாங்கம் 20 வீதம், அதாவது 500 டொலர் தரும். ஒரு பிள்ளைக்கு மொத்தம் 7,200 வரை. விட்டுப்போன வருடங்களையும் பிடிக்கலாம், ஆனால் ஒரு வருடத்தில் ஒரு பழைய வருடத்துக்கு மேல் பிடிக்க முடியாது. பிள்ளைக்குப் பதினேழு வயதாகும் வருடத்தோடு கதவு பூட்டிவிடும். வருமானம் குறைந்த குடும்பம் என்றால், 2004இலோ அதற்குப் பிறகோ பிறந்த பிள்ளைக்கு நாங்கள் ஒரு சதம் போடாமலே 2,000 டொலர் வரை வரும். புதிதாக வந்தவர்கள் தயவுசெய்து இதை மட்டுமாவது மறக்க வேண்டாம். நான் 2011இல் திறந்தேன். 7,200ஐ எட்ட முடியவில்லை.

அப்புறம் என்னோடு இரவு வேலை செய்த நண்பன் போனான். நாற்பத்தாறு வயது, மாரடைப்பு. எந்த வங்கியில் என்ன இருக்கிறது, யாருக்கு என்ன கடன் என்று மனைவிக்குத் தெரியாது. உயில் இல்லை, காப்புறுதி இல்லை. செத்தவீட்டுச் செலவுக்கு நாங்கள்தான் காசு சேர்த்தோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தாச்சி அக்கா வந்தார். கையில் ஒரு கொப்பி, ஒரு கடித உறை. அவன் பதினொரு மாதம் சீட்டுக் கட்டியிருந்தான், எடுக்கவில்லை. மாதம் மாதமாக வாசித்துக் காட்டிவிட்டு உறையை மனைவியின் மடியில் வைத்தார். அப்படி ஒரு சீட்டு இருந்ததே அந்த மனைவிக்குத் தெரியாது. அக்கா பேசாமல் இருந்திருந்தால் கேட்க ஒருவரும் இல்லை.

அன்றிரவு எனக்கு நித்திரை இல்லை. அக்காவிடம் இருந்தது பக்தியா, நாணயமா என்று யோசித்தேன். அவ எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைத்திருந்தார் என்பதுதான் மனதில் நின்றது. அம்மாவும் அப்படித்தான். அம்மனுக்குக் காசு முடிந்த அதே கைதான் உறுதியை மூன்று சுற்றுச் சுற்றியது. அம்மனை நம்புகிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் செய்தது வெறும் சோம்பல்.

உயில் என்றதும் மனைவி, "வெள்ளிக்கிழமையில என்ன கதை இது?" என்று எழும்பிப் போனார். இரண்டு மாதம் விட்டுப் பிடித்தேன். நண்பனின் மனைவி பட்ட பாடு அவருக்கும் தெரியும். கடைசியில் அவரே, "சரி, போவம்" என்றார். வழக்கறிஞரிடம் உயிலும், நாங்கள் செயலிழந்தால் யார் முடிவெடுப்பது என்ற அதிகாரப் பத்திரங்களும் எழுதினோம். உயில் இல்லாமல் போனால் யாருக்கு எவ்வளவு என்று ஒன்டாரியோச் சட்டமே பிரிக்கும். முதியோர் ஓய்வூதியம் முழுதாக வேண்டுமென்றால் பதினெட்டு வயதுக்குப் பிறகு நாற்பது வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும். எனக்கு அறுபத்தைந்தில் அது நிரம்பாது. அந்தக் குறைக்கும் மாதம் கொஞ்சம் ஒதுக்குகிறோம்.

2010இல் ஊருக்குப் போனபோது அம்மாவோடு நயினாதீவுக்குப் படகில் போய் அந்த ஒரு ரூபாயை அம்மனின் உண்டியலில் போட்டோம். திரும்பி வரும்போது அம்மா உறுதியை என்னிடம் தந்தார். அதே பொலித்தீன்.

இப்போது அது என் இழுப்பறையில், உயிலோடும் கணக்குப் புத்தகத்தோடும் இருக்கிறது. மகள் பல்கலைக்கழகம் போகத் தொடங்கிய வருடம் அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். நூலை அவிழ்த்து, பழுப்பேறிய தாள்களில் பாட்டியின் கையெழுத்தைத் தேடிப் பார்த்தாள். பார்த்து முடிந்ததும் அப்படியே மடித்து உள்ளே வைக்கப் போனாள்.

"சுத்தி வை பிள்ளை" என்றேன். மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினாள்.