புகையிலைச் சாறும் பெய்ஜெரிங்கும்

வைரஸ் என்றதும் நமக்குக் கொரோனாதான் ஞாபகம் வரும். ஆனால் அந்தக் கதை தொடங்கியது புகையிலைச் செடியில். இலையில் திட்டுத்திட்டாகத் தேமல் விழும் நோய். 1892-ல் ரஷ்ய விஞ்ஞானி இவனோவ்ஸ்கி, நோயுற்ற இலைச்சாற்றை பாக்டீரியாவைத் தடுக்கும் பீங்கான் வடிகட்டியில் விட்டார். வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. ஆனாலும் அவருக்கு பாக்டீரியா மேல்தான் சந்தேகம்.

1898-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரில் இருந்த நுண்ணுயிரியல் விஞ்ஞானி பெய்ஜெரிங்க்தான் துணிந்து சொன்னார்: இது பாக்டீரியாவே இல்லை, உயிருள்ள செடியின் வளரும் செல்களில் மட்டுமே பெருகும் வேறொன்று. அதைத் திரவம் என்று அவர் நம்பியது தப்பு. 1935-ல் அமெரிக்க விஞ்ஞானி ஸ்டான்லி அதைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த வைரஸ் தெரிந்ததே 1939-ல். ஆனால் இந்த மனுஷன் பெய்ஜெரிங்க் செடி செடியாகச் சாற்றை ஏற்றிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்!