அந்த மேஜர் கேட்ட கேள்வி

1973-இல் அமெரிக்க விமானப்படையின் வான்டன்பர்க் தளத்தில், அணு ஏவுகணைகளை ஏவுவதற்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த மேஜர் ஹரால்ட் ஹெரிங் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டார். ஏவச் சொல்லி எனக்கு வரும் உத்தரவை, சித்தம் தெளிவாக இருக்கும் ஒரு அதிபர்தான் கொடுத்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவ்வளவுதான் கேட்டார். பதில் கிடைக்கவில்லை, கடைசியில் வேலைதான் போனது. வியட்நாம் போரில் பணியாற்றியவர் அவர், கோழை என்று யாரும் சொல்லிவிட முடியாது.

உத்தரவு அதிபரிடமிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்க ரகசியக் குறியீடுகள் இருக்கின்றன. ஆனால் அதிபர் எடுத்த முடிவு சரியா என்று பார்த்து, கூடாது என்று தடுக்கும் அதிகாரம் வேறு யாருக்கும் கிடையாது.

இது எப்படி ஒரே ஆள் கைக்குப் போனது என்று தேடிப் படித்தபோது, ட்ரூமன் கதைதான் என்னை ரொம்பவும் பாதித்தது. 1943-இல் அவர் செனட்டர், போர்ச் செலவுகளை விசாரிக்கும் குழுவின் தலைவர். வாஷிங்டன் மாநிலத்தில் எதற்கென்றே தெரியாத ஒரு பெரிய ஆலைக்குப் பணம் போகிறதே என்று விசாரிக்கப்போனவரை, போர்த்துறைச் செயலர் ஸ்டிம்சன் இதை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டார், அவரும் விட்டுவிட்டார். சுமார் 200 கோடி டாலர் செலவான அணுகுண்டுத் திட்டம் அது. அந்தப் பணத்துக்குக் கையைத் தூக்கிய நாடாளுமன்ற உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு அது எதற்கென்றே தெரியாது. 1945 ஏப்ரல் 12-இல் அதே ட்ரூமன் அதிபரானார். ஏப்ரல் 25-ஆம் தேதிதான் ஸ்டிம்சன் அவருக்கு முழு விவரத்தையும் சொன்னார். அதாவது, குண்டு வெடிப்பதற்கு முன்பே நாடாளுமன்றத்தை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததையும் சொல்லவேண்டும். நாகசாகிக்கு மறுநாள், ஆகஸ்ட் 10, இனி என் அனுமதி இல்லாமல் இன்னொரு குண்டு வீசக்கூடாது என்று ட்ரூமன் நிறுத்திவைத்தார். இன்னும் ஒரு லட்சம் பேரை, அத்தனை குழந்தைகளை, கொல்வதை அவரால் தாங்க முடியவில்லை என்று அவருடைய அமைச்சர் வாலஸ் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். ராணுவத்தின் கையைப் பிடித்து நிறுத்தத்தான் அதிகாரம் அதிபரிடம் வந்தது. ஆனால் அதிபரின் கையைப் பிடிக்க யார் என்று அன்று யாரும் எழுதிவைக்கவில்லை.

கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணை வந்து சேர அரை மணி நேரம்தான், அதற்குள் நாடாளுமன்றத்தைக் கூட்ட முடியுமா என்று கேட்பார்கள். சரி, எதிரி ஏவிவிட்டால் முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதலில் ஏவப்போவது அமெரிக்காவே என்றால் என்ன அவசரம்? போர் அறிவிக்கும் அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சட்டம் நாடாளுமன்றத்திடம்தான் கொடுத்திருக்கிறது. கடைசியாக அது முறைப்படி போர் அறிவித்தது 1942-இல். 1950-இல் கொரியாவுக்குப் படை போனது அப்படி ஒரு அறிவிப்பு இல்லாமலேதான்.

ஹெரிங் கேள்வி கேட்ட அதே 1973-இல், அதிபர் நிக்சனின் மறுப்பையும் மீறி நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. படையைச் சண்டைக்கு அனுப்பினால் அதிபர் 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும், ஒப்புதல் கிடைக்காவிட்டால் 60 நாளில் நிறுத்தவேண்டும். அரை மணி நேரத்தில் ஊரே சாம்பலாகிவிடும் ஒரு போரில் 60 நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

நாடாளுமன்றம் போர் அறிவிக்காமல் அதிபர் அணு ஆயுதத்தை முதலில் பயன்படுத்தக்கூடாது என்று 2016-இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் டெட் லியூவும் எட் மார்க்கியும் ஒரு மசோதா கொண்டுவந்தார்கள். பிறகும் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அது இன்னும் மசோதாவாகவே இருக்கிறது.