சாராயம் மாதிரி ஒரு பிளேன்டீ

குடியை விட்ட சித்தப்பாவை வைத்து ஒரு புகைப்படம் எடுக்கலாம் என்று பௌர்ணமிப் போயா நாளன்று வெள்ளவத்தை வீட்டில் கமராவைத் தூக்கினேன். சாராயக் கடைகள் பூட்டிய நாள், பொருத்தம்தானே. முதலில் கவிழ்ந்த போத்தல், கலைந்த தலை, அழுகிற சித்தி என்று அடுக்கினேன், பார்த்தால் பாடசாலை நாடகம்! போத்தலுக்குள் இருந்தது பால் விடாத பிளேன்டீதான், நிறம் அப்படியே சாராயம். (நடித்து எடுப்பது புதுசில்லை, 1840இலேயே இப்போலித் பயார் என்ற பிரெஞ்சுக்காரர் மூழ்கிச் செத்தவராகத் தன்னையே படம் எடுத்திருக்கிறார்.) சரி, போத்தல் கீத்தல் எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, யன்னல் வெளிச்சத்தில் அதே பிளேன்டீயைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்து, எதிரே ஒரு வெறும் கதிரையைப் போட்டேன். பழைய கூட்டாளிகள் வந்து இருக்கிற கதிரை. சித்தப்பா அதையே கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஒன்றும் சொல்லாமல் கமரா பொத்தானை அமத்தினேன்.

"சீனி போடேல்லையேடா" என்றார்.