ஷஃபிளில் போட்டுக் கேட்டாராம்

ஆபீஸில் பக்கத்து மேசைக்காரர் ஒருநாள் கேட்டார். "எந்நேரமும் காதில் ஹெட்ஃபோனோடு இருக்கிறாயே, அப்படி என்னதான் கேட்கிறாய்? எனக்கும் ஒரு ப்ளேலிஸ்ட் அனுப்பேன்." மெல்பர்னிலேயே பிறந்து வளர்ந்த மனுஷர், ஒரு மதுரைக்காரனிடம் ராக் பாட்டு கேட்கிறார். விடுவேனா? சனி ஞாயிறு முழுக்க உட்கார்ந்து, கடந்த சில வருஷங்களில் வந்த இண்டி ராக்கில் எனக்குப் பிடித்ததாக ஒரு டஜன் பொறுக்கி, எதற்குப் பின் எது என்று மாற்றி மாற்றி அடுக்கி, ராத்திரி அனுப்பிவிட்டுத்தான் படுத்தேன். இரண்டு நாள் கழித்துக் காபி மெஷின் பக்கத்தில் பார்த்தபோது கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "பிரமாதம் மேட். காரில் ஷஃபிளில் போட்டுவிட்டேன், வீடு வந்து சேர்ந்ததே தெரியவில்லை."

பாராட்டுத்தான். ஆனால் ஷஃபிளில் என்றாரே, வரிசையைக் கலைத்துப் போட்டுக் கேட்டாராம், அது சுருக்கென்று தைத்தது. பந்தியில் முதலில் மோரை ஊற்றி, அப்புறம் பாயசம் போட்டு, கடைசியில் சாம்பாரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, சாப்பாடு பிரமாதம் என்றால் சமையல்காரருக்கு எப்படி இருக்கும்?

வரிசையின் அருமையை நான் கற்றுக்கொண்டது மதுரை புதூரில், ஒரு ரெக்கார்டிங் கடையில். பள்ளிக்கூட நாட்களில் நோட்டுத் தாளைக் கிழித்துப் பாட்டுகளின் பெயரை எழுதி, கேசட்டுக்கும் சேர்த்துக் காசைக் கொடுத்தால், கடை அண்ணன் தாளை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்ப்பார். "என்ன தம்பி, மூணு சோகப் பாட்டை வரிசையா எழுதியிருக்க? கேக்குறவன் தூக்குல தொங்கிருவான்ல" என்று பேனாவால் அம்புக்குறி போட்டு இடம் மாற்றுவார். அறுபது நிமிஷக் கேசட் என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். ஏ சைடு முடிகிற இடத்தில் பாட்டு பாதியில் அறுந்தால் அவருக்குக் கௌரவக் குறைச்சல். மிச்சம் ஒன்றரை நிமிஷம் இருந்தால் அதற்குத் தோதாக ஏதாவது ஒரு பின்னணி இசைத் துண்டை ஒட்டிவிடுவார். அதை நாம் கேட்டிருக்கவும் மாட்டோம், அவர் அதற்குக் காசு வாங்கவும் மாட்டார். உள்ளே செருகும் அட்டையில் பொடி எழுத்தில் பாட்டையும் படத்தையும் எழுதி, படத்தின் பெயருக்குக் கீழே மட்டும் ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டிருப்பார்.

அந்த அண்ணன் கையில் வளர்ந்தவன் நான். இந்த விஷயத்தில் எனக்காகப் பேசிய ஒரே பெரிய மனுஷி ஆங்கிலப் பாடகி அடெல். 2021 நவம்பரில் அவருடைய புது ஆல்பம் வந்த சமயம், அவர் கேட்டுக்கொண்டதன் பேரில், ஆல்பத்தைத் திறந்து ப்ளே பட்டனை அழுத்தினால் தானாக ஷஃபிள் ஆகாதபடி, பாட்டுக் கேட்கிற செயலியான ஸ்பாட்டிஃபை மாற்றியது. ஆல்பத்துக்கு அந்த மரியாதை கிடைத்துவிட்டது. நான் கோத்த பட்டியலுக்கு யார் போய்ச் சொல்வது?

சரி, அவர் கேட்காத வரிசையில் நீங்களாவது கேளுங்கள்.

முதலில் ஃபான்டெய்ன்ஸ் டி.சி.யின் ‘ஸ்டார்பர்ஸ்டர்’, 2024. டப்ளினில் சேர்ந்த பையன்கள். லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் ரயில் நிலையத்தில் பாடகர் கிரியன் சாட்டனுக்கு வந்த பேனிக் அட்டாக்கிலிருந்து பிறந்த பாட்டு. பல்லவியில் மூச்சு முட்டுகிற ஆள் கணக்காக ஒரு பெரிய இழுப்பு இழுக்கிறார். 1990-ல் ‘கேளடி கண்மணி’யில் எஸ்.பி.பி. மூச்சு விடாமல் பாடியதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தவர்கள் நாம். பள்ளிக்கூட ஆண்டு விழா என்றால் ஒரு பையனாவது அதைப் பாடப் போய் முகம் சிவந்து நிற்பான். அந்தக் காதோடு வந்தவனுக்கு, மூச்சு வாங்குகிற சத்தத்தையே பல்லவியில் வைத்த பாட்டைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது.

அடுத்து உடனே இறக்கிவிட வேண்டும். வாக்ஸஹாச்சியின் ‘ரைட் பேக் டு இட்’, அதே வருஷம். பாஞ்சோ என்கிற தந்தி வாத்தியம் ஒன்று கூடவே நடந்து வருகிறது, எம்.ஜே. லெண்டர்மன் சேர்ந்து பாடுகிறார். டூயட் என்றால் ஊட்டி என்று பழகிய நமக்கு இது வேறு மாதிரி: பல வருஷம் சேர்ந்து வாழ்ந்தவர்களின் காதல். யாரும் ஓடவில்லை, மரத்தைச் சுற்றவில்லை. மூன்றாவது பாய்ஜீனியஸின் ‘நாட் ஸ்ட்ராங் இனஃப்’, 2023. கிராமி வாங்கிய பாட்டு, நான் சிபாரிசு செய்து ஆக வேண்டியதில்லை.

இந்தப் பாட்டுகளில் எனக்கிருந்த ஒரே பெரிய குறை, இடையிசை கிடையாது. பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வயலின்கள் கூட்டமாகக் கிளம்பி, ஒரு புல்லாங்குழல் தனியாக ஒதுங்கி நின்று ஏதோ சொல்லிவிட்டுப் போகும். அதற்காகவே காத்திருந்து கேட்ட காது இது. இங்கே கிட்டாரை ஒரே மாதிரி நாலு தரம் தட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். இப்போதெல்லாம் பழகிவிட்டது, இடையிசை இல்லாவிட்டால் ஒன்றும் குறையவில்லை என்று சொல்லிக்கொள்வேன். போன வாரம் ட்ரெயினில் அந்தப் பாஞ்சோ ஓய்ந்த இடத்தில் என் வாய் தானாக ஒரு இளையராஜா இடையிசையை முனகிக்கொண்டிருந்தது. எதிர் சீட்டுப் பெண்மணி எழுந்து போகாததே பெரிய விஷயம்.

இதெல்லாம் எங்கே கிடைத்தது என்றால், வானொலியில். சின்ன வயசில் கோடை பண்பலை, 100.5. இங்கே டிரிபிள் ஆர், 102.7. 1976-ல் ஆர்எம்ஐடி கல்லூரி வளாகத்தில் தொடங்கிய நிலையம், இன்றைக்கும் நேயர்கள் கட்டுகிற சந்தாவை நம்பித்தான் ஓடுகிறது. சந்தா கட்டினால் காருக்குப் பின்னால் ஒட்ட ஸ்டிக்கர் தருவார்கள். சிக்னலில் முன்னால் நிற்கிற காரில் அதே ஸ்டிக்கரைப் பார்த்தால் பங்காளியைப் பார்த்த சந்தோஷம். டிரிபிள் ஜே என்று அரசு வானொலி வேறு இருக்கிறது. அதில் வருஷா வருஷம் நேயர்கள் ஓட்டுப் போட்டு நூறு பாட்டு தேர்ந்தெடுப்பார்கள். 2021-க்கான ஓட்டில், பெரிய பெரிய ராக்காரர்களையெல்லாம் தள்ளிவிட்டு முதலிடம் பிடித்தது, சின்னப் பிள்ளைகளுக்குப் பாடி ஆடுகிற விகிள்ஸ் குழு. இப்படிப்பட்ட ஊரோடு எப்படி ஒட்டாமல் இருப்பது?

பட்டியலின் நடுவில் இருக்கும் பாட்டைச் சமீபத்தியது என்று சொல்லவே முடியாது. கோர்ட்னி பார்னெட்டின் ‘டிப்ரெஸ்டன்’, 2015. எனக்குச் சமீபத்தில்தான் கிடைத்தது, ஆகவே சேர்த்தாகிவிட்டது. மெல்பர்னுக்கு வடக்கே பிரெஸ்டன் என்று ஒரு புறநகர், 86-ஆம் நம்பர் டிராம் போகிற வழி. அங்கே ஒரு வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். அவ்வளவுதான் பாட்டு. சொந்தக்காரர் இறந்துபோய் விற்பனைக்கு வந்த வீடு. குளிக்கிற இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, காபிக்கும் டீக்கும் மாவுக்குமாக டப்பாக்கள், வியட்நாமில் எடுத்த ஒரு இளைஞனின் போட்டோ. இதையெல்லாம் பார்த்தபின் வீடு வாங்க வந்தவளுக்கு வீட்டின் மேலேயே மனசு நிற்கவில்லை.

வீடு பார்க்கப் போவதற்கு ஒரு ராக் பாட்டு! காதலுக்கு, தோல்விக்கு, அம்மாவுக்கு, தங்கச்சி கல்யாணத்துக்கு என்று நம்மிடம் எல்லாவற்றுக்கும் பாட்டு உண்டு, ஹவுஸ் லோனுக்கு உண்டா? இங்கே குடியேறிய யாரையும் கேளுங்கள், சனிக்கிழமைகள் எல்லாம் இன்ஸ்பெக்ஷனில்தான் போயிருக்கும். அரை மணி நேரம் வீட்டைத் திறந்து வைப்பார்கள். வாசலில் ஏஜென்ட் பெயரும் போன் நம்பரும் வாங்கிக்கொள்வார். வரிசையாக உள்ளே போய், யாரென்றே தெரியாதவர்களின் அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு வர வேண்டும்.

அப்படி ஒரு வீடு, பிரெஸ்டனையும் தாண்டி. ஒரு இத்தாலியப் பாட்டி இருந்த வீடு என்றார் ஏஜென்ட். வாசலில் நின்றதுமே என் மனைவி போனில் திசைகாட்டியை எடுத்தாள். "ஏங்க, தெக்கு வாசல்." பூமியின் இந்தப் பாதியில் சூரியன் வடக்கே சாய்ந்து போவதால் வடக்கு பார்த்த அறைகளுக்குத்தான் மவுசு. அப்படியானால் வாஸ்துவையும் தலைகீழாகப் பிடிக்க வேண்டுமா என்பது எங்கள் வாட்ஸாப் குழுவில் இன்னும் தீர்ப்பு வராத வழக்கு. அவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு மெல்லச் சுற்றுவதைப் பார்த்து, "சிக்னல் கிடைக்கவில்லையா?" என்று அக்கறையாகக் கேட்டார் ஏஜென்ட். ஆமாம் என்றோம்.

கொல்லையில் ஒரு எலுமிச்சை, ஒரு அத்தி. கராஜில், தக்காளியைக் காய்ச்சி ஊற்றி வைக்கிற பாட்டில்கள் கழுவிக் கவிழ்த்தபடி அடுக்கடுக்காக இருந்தன. சமையலறைச் சுவரில் ஏதோ படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுக்காமல் சதுரமாகத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்கு நினைவில் ஓடியது புதூர் வீடு. அப்பத்தா போன பிறகு காலி செய்தபோது, யாரும் வேண்டுமென்று கேட்காத ஹார்லிக்ஸ் பாட்டில்கள். மல்லி, வெந்தயம், கடுகு என்று எதிலும் எழுதி ஒட்டியிருக்காது, அப்பத்தாவின் கைக்குத்தான் எது எங்கே என்று தெரியும். எல்லாவற்றையும் தட்டில் கொட்டிவிட்டுப் பழைய பாட்டில்காரரிடம் போட்டோம். எலிக்கு வைத்த மருந்தும் அதில் ஒரு பாட்டிலில் இருந்திருக்கலாம் என்று சித்தப்பா பயமுறுத்தியதால் கடுகைக்கூட யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த இத்தாலியப் பாட்டி வீட்டை நாங்கள் வாங்கவில்லை. தெற்கு வாசல், அதனால் விட்டுவிட்டோம் என்று நண்பர்களிடம் சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையில் ஏலம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே எங்கள் தொகையைத் தாண்டிப் போய்விட்டது.

இந்தப் பாட்டுத்தான் ஷஃபிளில் எங்கே போய் விழுந்ததோ. ‘ஸ்டார்பர்ஸ்டர்’ முடிந்த சூட்டோடு வந்திருந்தால், அந்த டப்பாக்களும் போட்டோவும் யார் காதில் ஏறியிருக்கும்? அதற்கு முன்னால் நிதானமாக ஒரு பாட்டு, பின்னால் ஆளை உலுக்கி எழுப்ப ஒரு பாட்டு என்று இடம் பார்த்து வைத்தது. பின்னால் வைத்தது ஆமில் அண்ட் த ஸ்னிஃபர்ஸின் ‘யூ ஷுட் நாட் பி டூயிங் தட்’, 2024, இவர்களும் மெல்பர்ன்தான். அம்மா இங்கே வந்து தங்கியிருந்தபோது இதை ஸ்பீக்கரில் போடவில்லை. தலைப்பைத்தான் அவர் எனக்கு ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாரே.

கடைசிப் பாட்டு பீத்ஸ், நியூசிலாந்து, ‘எக்ஸ்பர்ட் இன் எ டையிங் ஃபீல்ட்’, 2022. பிரிந்துபோன ஒருவரைப் பற்றி அணு அணுவாகத் தெரிந்து வைத்திருக்கிறோமே, அந்த அறிவை இனி எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்கிற பாட்டு. காதலைப் பற்றித்தான். ஆனால் எனக்கு மாசி வீதிகளில் எந்தச் சந்தில் நுழைந்தால் எங்கே வெளியே வரலாம் என்று தெரியும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கூட்டத்தில் மாட்டாமல் வீடு போய்ச் சேரும் வழி தெரியும். பழைய பெரியார் பஸ் ஸ்டாண்டில் எந்த ஊர் வண்டி எந்த ஓரத்தில் நிற்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். அந்த பஸ் ஸ்டாண்டையே இடித்துப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். இங்கே டிராம் எண்களெல்லாம் அத்துப்படி, யாருக்கும் வழி சொல்வேன் என்று ஊருக்குப் போன் பேசும்போது பீற்றிக்கொள்வேன். கனவில் டிராம் வந்ததே இல்லை.

இதே பட்டியலை மதுரையில் இருக்கும் அத்தை மகனுக்கும் அனுப்பினேன். அவன் வரிசையாகத்தான் கேட்டான். வாய்ஸ் மெசேஜ் வந்தது. "மாப்ள, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் ஏன் வட்டிக்காரன் வாசல்ல நிக்கிறவன் மாதிரியே பாடுறாய்ங்க? கடைசிப் பாட்டு மட்டும் ரெண்டு தடவ கேட்டேன். அந்தப் பொண்ணு எந்த ஊரு?"

எலிசபெத் ஸ்டோக்ஸ், ஜகார்த்தாவில் பிறந்து நாலு வயசில் ஆக்லாந்துக்குப் போனவர் என்று எழுதினேன்.

"அப்ப உங்க கூட்டம்னு சொல்லு" என்று பதில் வந்தது.