மூன்று துண்டுச்சீட்டுகள்

இருபது பேர் கொண்ட குழுவுக்கு நான் மேற்பார்வையாளராக இருந்த சமயம். இங்கே யாரும் எதையும் பேசலாம் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. குழுவில் ஒருவர், கெட்டிக்கார வேலைக்காரர், ஓய்வு நேரத்தில் வேற்று மதத்தவரைப் பற்றி, "இவங்களையெல்லாம் வேலைக்கே எடுத்திருக்கக் கூடாது" என்பார். அவர் கருத்து அவருக்கு என்று விட்டுவிட்டேன். யாரும் புகார் சொல்லவில்லை.

ஷிஃப்ட் மாற்றக் கேட்டு மூன்று துண்டுச்சீட்டுகள்தான் வந்தன. ஒன்றில் வீட்டில் வேலை, ஒன்றில் உடம்பு சரியில்லை, மூன்றாவதில் காரணமே இல்லை. மூவரும் கேட்டது அவர் இல்லாத ஷிஃப்ட். அந்தச் சீட்டுகளைச் சேர்த்துவைத்துப் பார்க்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. என் பெருந்தன்மையின் செலவை அதுவரை அவர்கள்தான் சுமந்திருக்கிறார்கள்.

எல்லையில்லாமல் சகித்தால் சகிப்பே அழிந்துபோகும் என்று தத்துவ அறிஞர் கார்ல் பாப்பர் 1945இல் தன் புத்தகத்தின் ஓர் அடிக்குறிப்பில் எழுதியதைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். சகிப்பற்ற கருத்துகளை வாதத்தால் எதிர்கொள்ள முடியும்வரை அவற்றை அடக்குவது புத்திசாலித்தனம் இல்லை என்று அதே குறிப்பில் இருப்பதை விட்டுவிடுவார்கள். ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 1952இலும் 1956இலும் தலா ஒரு கட்சியைத் தடை செய்தது. 2017இல் இன்னொரு கட்சியின் நோக்கம் அரசியல் சட்டத்துக்கு விரோதம்தான் என்று சொல்லியும், அதைச் சாதிக்கும் பலம் அதற்கு இல்லை என்று தடை விதிக்க மறுத்தது.

என் குழுவில் அவருக்கு அந்தப் பலம் இருந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வேலை கற்றுத்தருபவரே அவர்தான்.

கூப்பிட்டுப் பேசினேன். "கருத்து சொல்லக் கூடாதா சார்?"

"சொல்லுங்க. அவங்க பதில் சொல்லும்போது உட்கார்ந்து கேளுங்க."

"அவங்களோட எனக்கு என்ன சார் பேச்சு?"

அதுவரை எனக்கும் தயக்கம்தான். அதற்கப்புறம் இல்லை. பயிற்சிப் பொறுப்பை வேறொருவருக்கு மாற்றினேன். வேலையிலும் சம்பளத்திலும் கை வைக்கவில்லை. இது போதாது என்றார்கள் சிலர், இதுவே அதிகம் என்றார்கள் சிலர்.

கிளம்பும்போது கதவருகே நின்று கேட்டார்: "நாளைக்கு உங்களுக்குப் பிடிக்காத வேற எதையாவது சொன்னாலும் இப்படித்தானா சார்?" நியாயமான கேள்வி. செய்ததையும் காரணத்தையும் எழுதி மேலதிகாரியிடம் கொடுத்தேன், தப்பென்றால் அவர் மாற்றட்டும் என்று.

அடுத்த மாத அட்டவணைக்கு ஒரே ஒரு சீட்டு வந்தது. போன தடவை காரணம் எழுதாத அதே கையெழுத்து. இந்தத் தடவையும் எழுதவில்லை.