குட்டியைத் தூக்கியவன் மேல் திருட்டு வழக்கு, கூண்டில் அடைத்தவருக்கு 50 ரூபாய்

தென்சென்னையில் எங்கள் பகுதியில் ஒரு பழைய தனி வீடு இருக்கிறது. அங்கே யாரும் குடியில்லை. பின்பக்கம் தகர ஷெட் போட்டு, உள்ளே கூண்டு கூண்டாக நாய்களை வைத்திருந்தார்கள். ஷிட்ஸு, பீகிள், லாப்ரடார் எல்லாம் உண்டு. காலையில் ஒருவர் வந்து தீனி போட்டுவிட்டுப் பூட்டிக்கொண்டு போவார். மறுநாள் காலைவரை யாரும் வர மாட்டார்கள். உச்சி வெயிலில் அந்தத் தகரத்துக்குக் கீழே அவை கத்துகிற கத்தலைப் பக்கத்து மாடிக்காரர்கள் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் மாடியிலிருந்து எடுத்த படங்களோடுதான் நாங்கள் காவல் நிலையத்துக்குப் போனோம். நாங்கள் தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறவர்கள், அவ்வளவுதான். சங்கம், பதிவு எண் எதுவும் கிடையாது.

இந்த ஒரே விவகாரத்தில் புகார், ஆர்ப்பாட்டம், அத்துமீறல் மூன்றும் நடந்துவிட்டன. மூன்றுக்கும் போலீஸ் மூன்று விதமாக நடந்துகொண்டது. ஏன் அப்படி என்று போகப் போகத்தான் புரிந்தது. இதே மாதிரி ஒரு பூட்டிய கதவின் முன்னால் நிற்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

ஸ்டேஷனில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் எங்கள் மனுவைப் படித்துவிட்டு, "நாய்க்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட முடியாதும்மா. ப்ளூ கிராஸுக்குப் போன் பண்ணுங்க" என்றார். சென்னையில் எந்த ஸ்டேஷனில் கேட்டாலும் அநேகமாக இதுதான் முதல் பதில். ப்ளூ கிராஸ் 1959-ல் தொடங்கிய தொண்டு அமைப்பு. அடிபட்ட நாயைத் தூக்கிப் போய் வைத்தியம் பார்ப்பார்கள். அடுத்தவர் வீட்டுப் பூட்டைத் திறக்கவோ வழக்குப் பதியவோ அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அந்த அதிகாரம் போலீசிடம்தான் இருக்கிறது.

ஆனால் ரைட்டர் சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது. எங்களோடு வரும் வக்கீல் அக்கா அன்று இரவு உட்கார்ந்து விளக்கினார். விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதில் 11-ஆவது பிரிவுதான் வதை என்றால் என்ன என்று சொல்கிறது: அசைய இடமில்லாத கூண்டு, நாள் முழுக்கக் கட்டிப்போடுவது, தண்ணீரும் தீனியும் நிழலும் தராமல் இருப்பது, எல்லாம் அதில் வரும். முதல் முறை பிடிபட்டால் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. மூன்று வருஷத்துக்குள் மறுபடி செய்தால் 25-லிருந்து 100 ரூபாய், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 1960-ல் போட்ட உச்சத் தொகை இன்றும் அப்படியே நிற்கிறது. 2022 நவம்பரில் ஒன்றிய அரசு இதை உயர்த்தி ஒரு திருத்த வரைவை வெளியிட்டது. அது சட்டமாகவில்லை.

அபராதத்தைவிடப் பெரிய தடை 31-ஆவது பிரிவு. இந்தச் சட்டத்தில் ஒரு சில குற்றங்களில் மட்டும்தான் போலீஸ் தானாக வழக்குப் பதிந்து விசாரிக்கலாம். கூண்டில் அடைப்பதும் பட்டினி போடுவதும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். ஆக, ரைட்டர் கை விரித்ததற்குப் பின்னால் அலட்சியம் மட்டுமல்ல, சட்டமே அப்படித்தான் இருக்கிறது.

அதற்கு அக்கா ஒரு வழி வைத்திருந்தார். விலங்கைக் கொன்றாலோ விஷம் வைத்தாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325-ஆவது பிரிவில் வரும். பழைய இ.பி.கோ. 428, 429 தான் இது. ஐந்து வருஷம் வரை தண்டனை உண்டு, போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். எங்கள் படங்களில் ஒரு பெட்டை நாயின் பின்னங்காலில் கட்டுக்கம்பி இறுகி, புண் அழுகிப்போய் இருந்தது தெளிவாகத் தெரிந்தது. புகாரைத் திருப்பி எழுதினோம். 325-ஐ முதலிலும், 11-ஐ அதற்கு அடுத்தும் வைத்தோம். இந்த முறை சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, கொடுத்தார்கள். ரசீது இல்லாமல் ஸ்டேஷன் படி இறங்கக் கூடாது. அந்த எண் இருந்தால் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலேயே மனு எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கலாம், மேலதிகாரியிடம் போகும்போதும் அதுதான் கையில் இருக்கும் ஆதாரம்.

ரசீது கிடைத்தது. ஆனால் யாரும் ஷெட்டைப் பார்க்கப் போகவில்லை. "ஆள் வந்ததும் விசாரிக்கிறோம்" என்பதே பதிலாக இருந்தது.

அப்புறம்தான் ஆர்ப்பாட்டம் என்ற பேச்சு வந்தது. 2016-ல் ஒரு நாயை மாடியிலிருந்து தூக்கி எறிந்த வீடியோ வெளியானதும் சென்னை முழுக்கக் கொதித்ததும், போலீஸ் இரண்டு மருத்துவ மாணவர்களை வழக்கில் கொண்டுவந்ததும் எங்களில் பலருக்கு நினைவிருந்தது. அவர்கள் சீக்கிரமே ஜாமீனில் வந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம். சத்தம் போட்டால்தான் நடக்கும் என்று பலர் நினைத்தார்கள்.

சென்னையில் பொது இடத்தில் கூடுவதற்கு 1888-ஆம் வருஷத்து நகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவு இருக்கிறது. கமிஷனர் ஒரு முறைக்குப் பதினைந்து நாள் என்று தடை உத்தரவு போடலாம். அந்த உத்தரவு அனேகமாக எப்போதும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அதனால் ஐந்து நாளுக்கு முன்பே எழுதிக் கேட்டாக வேண்டும். யார் பொறுப்பு, எத்தனை பேர், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, என்ன கோரிக்கை, எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

மனு கொடுத்த பிறகு மஃப்டியில் ஒருவர் வீட்டுக்கே வந்தார். நுண்ணறிவுப் பிரிவு. மரியாதையாகத்தான் பேசினார். "ஜல்லிக்கட்டுக்கு எதிரா எதுவும் பேசுவீங்களா? நாய் விஷயமா சுப்ரீம் கோர்ட் ஆர்டருக்கு எதிரான போராட்டமா இது?" என்ற இரண்டையும் திருப்பித் திருப்பிக் கேட்டார். 2017 ஜனவரியில் மெரினாவில் என்ன நடந்தது என்பதை இந்த ஊர்ப் போலீஸ் மறக்கவில்லை. விலங்கு என்ற சொல் ஒரு போராட்ட மனுவில் வந்தாலே அவர்களுக்கு அந்தக் கூட்டம்தான் கண்ணில் தெரிகிறது. 2025 ஆகஸ்டில் டெல்லி தெருநாய்கள் பற்றிய உத்தரவுகள் வந்த பிறகு நாய்க்குச் சோறு வைக்கிறவர்கள் எல்லோரையும் தகராறுக்காரர்களாகப் பார்க்கும் பழக்கமும் சேர்ந்துகொண்டது. அந்த மாதம் 22-ஆம் தேதி வந்த திருத்த உத்தரவு, அதிகாரிகளைத் தடுக்கிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்கலாம் என்றும் சொல்கிறது. எங்கள் கோரிக்கை ஒரே ஒரு வீட்டைப் பற்றியது என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் அவர் முகம் தெளிந்தது.

அந்த வீட்டு வாசலில் நிற்க அனுமதி இல்லை, குடியிருப்புத் தெரு என்றார்கள். வள்ளுவர் கோட்டம் பக்கம் வேண்டுமானால் காலையில் சில மணி நேரம் நில்லுங்கள், ஒலிபெருக்கி கூடாது என்றார்கள். எங்கள் தெரு நாய்களுக்காக நுங்கம்பாக்கத்தில் போய் நின்றால் யார் பார்ப்பார்கள் என்று இளைஞர்களுக்குக் கோபம். அவர்களில் ஒரு பகுதியினர் தட்டிகளோடு அந்த வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் வேன் வந்தது. பெண் போலீசும் வந்தார்கள். யாரையும் அடிக்கவில்லை, தள்ளவில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து, பெயர், அப்பா பெயர், விலாசம், போன் நம்பர் எழுதிக்கொண்டு, டீ கொடுத்து, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். நிறைய பேர் கதை அங்கேயே முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடிவதில்லை. அனுமதியில்லாமல் கூடியதாக எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தார்கள். பாஸ்போர்ட்டுக்கோ அரசு வேலைக்கோ காவல்துறைச் சரிபார்ப்பு வரும்போது அது எழுந்து நிற்கும். மாணவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அன்று இரவு அந்தக் கூட்டத்தில் இருந்த ஒரு கல்லூரிப் பையன் சுவரேறிக் குதித்து, ஷெட் கதவைத் தள்ளித் திறந்து, இரண்டு லாப்ரடார் குட்டிகளை வெளியே கொண்டுவந்துவிட்டான். குட்டிகளுக்குக் கண்ணெல்லாம் பீளை, வயிறு உப்பிக் கிடந்தது. நேராக டாக்டரிடம் கொண்டுபோனான். அவனுடைய மனசை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பிறகு நடந்ததைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் குட்டிகளுக்குத்தான் அது கெடுதலாக முடிந்தது.

உரிமையாளர் 112-க்கு அழைத்தார். ரோந்து வண்டி உடனே வந்தது. எங்கள் மனுவுக்கு அசையாத ஸ்டேஷன் விடிவதற்குள் எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டது. சட்டத்தின் கண்ணில் நாய் ஒரு சொத்து. பொருள் வைத்திருக்கும் கட்டடத்துக்குள் நுழைந்தால் அதே நியாய சன்ஹிதாவின் 329, ஒரு வருஷம் வரை சிறை. அங்கிருந்து எடுத்தால் 305, ஏழு வருஷம் வரை சிறை. இரண்டிலுமே போலீஸ் யாரையும் கேட்காமல் வழக்குப் பதியலாம். குட்டியைக் கண் பழுக்க வைத்தவருக்கு 50 ரூபாய், டாக்டரிடம் கொண்டுபோனவனுக்கு ஏழு வருஷம். இதைப் படித்தபோது என் கை நடுங்கியது. இன்ஸ்பெக்டர் எங்களிடம் கோபமாகக்கூடப் பேசவில்லை. "உங்க பக்கம் நியாயம் இருக்கும்மா. ஆனா பூட்டுன வீட்டுக்குள்ள ராத்திரி ஆள் போயிருக்கான். நான் கேஸ் போடலைன்னா நாளைக்கு என்னைக் கேட்பாங்க" என்றார்.

அக்கா பையனையும் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு தானே ஸ்டேஷனுக்குப் போனார். ஏழு வருஷம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை, விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 35(3)-ல் நோட்டீஸ் கொடுக்கலாம் என்பதை எடுத்துச் சொல்லி, நோட்டீஸோடு அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார். குட்டிகளை ஒப்படைத்தோம். திருட்டு வழக்கில் கைப்பற்றிய பொருள் என்று கணக்கில் ஏறி, உரிமையாளர் போட்ட மனுவின் பேரில் இடைக்காலப் பொறுப்பாக அவரிடமே அவை திரும்பிப் போயின.

வேலை நடந்தது வேறொரு பக்கத்தில். விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவை நகல் எடுத்து, கம்பி இறுகிய காலின் படம், எங்கள் படங்களைப் பார்த்து ஒரு கால்நடை மருத்துவர் எழுதித் தந்த கருத்து, சி.எஸ்.ஆர். நகல் எல்லாவற்றையும் சேர்த்து உதவி கமிஷனரைப் பார்த்தோம். வதை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால், கான்ஸ்டபிளுக்கு மேல் பதவியில் உள்ள எந்தப் போலீஸ் அதிகாரியும் அந்த விலங்கைக் கைப்பற்றி மாஜிஸ்திரேட் முன்போ கால்நடை மருத்துவர் முன்போ கொண்டுபோகலாம் என்கிறது அந்தப் பிரிவு. அவர் இரண்டு முறை படித்தார். "இது எங்களுக்கு யாரும் சொல்லித் தரலை" என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஒரு வரிக்காக அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது. கூடவே, நாய் வளர்ப்பு விதிகள் 2017-ன்படி குட்டி போட வைத்து விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்பதையும் எடுத்துவைத்தோம். இந்த ஆளிடம் பதிவு இல்லை.

ஒரு பெண் எஸ்.ஐ., அரசு கால்நடை மருத்துவர், மாநகராட்சி ஆள் ஆகியோர் சேர்ந்து போய்ப் பகலில் பூட்டைத் திறந்தார்கள். நாங்கள் தெருவிலேயே நிற்க வேண்டும், உள்ளே காலடி வைக்கக் கூடாது என்று எஸ்.ஐ. கண்டிப்பாகச் சொன்னார். அவர் சொன்னது சரி. ஏற்கெனவே உரிமையாளர் தரப்பில் "வெளியாள் புகுந்து நாயைக் காயப்படுத்திவிட்டான்" என்று சொல்லத் தொடங்கியிருந்தார்கள். கம்பிக் கால் படம் அதற்கு முன்பே சி.எஸ்.ஆரில் இருந்ததால்தான் அந்தப் பேச்சு எடுபடவில்லை. ஷெட்டிலிருந்து வெளியே வந்த எஸ்.ஐ. கொஞ்ச நேரம் யாரிடமும் பேசவில்லை. பிறகு ரைட்டரைப் போனில் அழைத்து 325-ல் எஃப்.ஐ.ஆர். போடச் சொன்னார்.

கைப்பற்றிய விலங்குகளைப் பராமரிப்பதற்கென்று 2017-ல் தனி விதிகள் வந்திருக்கின்றன. வழக்கு முடியும்வரை அவற்றைக் காப்பகத்தில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம், செலவுக்கு உரிமையாளரிடம் உறுதிப் பத்திரம் வாங்கலாம். அப்படித்தான் அந்த நாய்கள் காப்பகத்துக்குப் போயின. கம்பிக் கால் பெட்டைக்குக் காலை எடுக்க வேண்டியிருந்தது. இப்போது மூன்று காலில் ஓடுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் குற்றம் நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்கிறது 36-ஆவது பிரிவு. ஸ்டேஷனுக்கும் வள்ளுவர் கோட்டத்துக்கும் அலைவதிலேயே அந்தக் காலம் கரைந்துவிடும். முதல் நாளிலேயே படத்தில் தேதி விழும்படி எடுத்து, ரசீது வாங்கி, ஸ்டேஷன் அசையவில்லை என்றால் தாமதிக்காமல் மேலே போக வேண்டும், அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்.

பையன் மேலான வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்துக்குப் போக அக்கா தயார் செய்துகொண்டிருக்கிறார். திரும்பிப் போன இரண்டு குட்டிகளும் போலீஸ் சோதனை போட்ட அன்று ஷெட்டில் இல்லை. நீதிமன்றம் கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவேன் என்று பத்திரம் எழுதிக் கொடுத்துத்தான் உரிமையாளர் அவற்றை வாங்கிப் போனார். அந்தப் பத்திரத்தை வைத்தே, குட்டிகளைக் கொண்டுவந்து காட்டச் சொல்லி மனு போட்டிருக்கிறோம்.